அடுத்த பயணத்தில் முதல் இடம்

ஒரு காட்டில் இருந்த விலங்குகளில் பாதிக்கு எப்போதும் மலைக்கு அந்தப் பக்கத்தில்தான் வேலை இருந்தது. அந்தப் பக்கத்து விலங்குகளுக்கோ இந்தப் பக்கத்தில் வேலை இருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், பிள்ளைகளே. உங்கள் ஊரிலும் அப்படித்தான்.

மலை செங்குத்தானது. நடந்து போக ஒரு பாதை உண்டு. ஆனால் அது முட்புதர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி, மீண்டும் வளைந்து வளைந்து இறங்கும். சின்னக் கால் கொண்டவர்கள் அதில் இறங்கினால் ஒரு பௌர்ணமிக்குப் புறப்பட்டு அடுத்த பௌர்ணமியை ஒட்டித்தான் போய்ச் சேர முடியும்.

அந்தக் காட்டில் ஒரு கூழைக்கடா இருந்தது. பெரிய பறவை. அகன்ற முதுகு. அலகுக்குக் கீழே பை ஒன்று தொங்கும். மலைக்கு அப்பால் இருந்த ஏரிக்கு அது அடிக்கடி மீன் பிடிக்கப் பறந்து போகும். சும்மா போவானேன் என்று, போகும்போதும் வரும்போதும் முதுகில் ஐந்து பேரை ஏற்றிக்கொள்ளும். மூட்டை முடிச்சுகளை அலகுப் பையில் போட்டுக்கொள்ளும். கூலி, ஆளுக்கு ஒரு மீன்.

கூழைக்கடா நல்ல பறவை. அதனிடம் இருந்தது ஒரே ஒரு குறைதான். யார் எதைச் சொன்னாலும் "சரி" என்றுவிடும்.

எந்தப் பயணத்தில் யார் வருகிறார்கள் என்ற குழப்பம் வராமல் இருக்க அது ஒரு வழக்கம் வைத்திருந்தது. இடம் கேட்டு வருகிறவருக்கு, தன் உடம்பிலிருந்து தானாக உதிர்ந்த இறகு ஒன்றைக் கொடுக்கும். பயண நாளில் அதைக் கொண்டுவந்தால் இடம். ஏறும்போது இறகைத் திருப்பி வாங்கிக்கொண்டு, அடுத்த முறை வேறு யாருக்காவது கொடுக்கும். ஐந்து இடம், ஐந்து இறகு. இதில் சண்டை வர வழியே இல்லை. அதனால்தான் நரிக்கு அது பிடிக்கவில்லை.

ஒருநாள் பாறைமேல் நின்று பறவை புறப்படுவதை நரி பார்த்துக்கொண்டிருந்தது. நான்கு பேர்தான் ஏறினார்கள். ஐந்தாவது முயல். அது எங்கேயோ புல்லைக் கண்டு, பயணத்தையே மறந்துவிட்டது.

கூழைக்கடா திரும்பி வந்ததும் நரி அதன் அருகில் போய் அக்கறையாக உட்கார்ந்தது.

"ஐந்து இறகு கொடுக்கிறாய். யாராவது ஒருவர் வராமல் போகிறார். இடமும் வீண், உன் மீனும் வீண். ஏழு இறகு கொடு. ஒருவர் இருவர் வராவிட்டாலும் முதுகு நிறைந்துவிடும்" என்றது.

கூழைக்கடா கொஞ்சம் யோசித்தது. அது யோசித்தது அந்த ஒரு முறைதான். "ஏழு பேரும் வந்துவிட்டால்?" என்று கேட்டது.

"வரமாட்டார்கள். வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்."

"சரி" என்றது கூழைக்கடா.

அன்றிலிருந்து நரி பயண மேலாளர் ஆகிவிட்டது. அப்படி ஒரு வேலை அதுவரை காட்டில் இல்லை. இறகு கொடுப்பது நரி, வாங்குவது நரி, பாறைமேல் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் நரி. இத்தனை சிரமத்துக்குக் கூலியாக, பறவைக்குக் கொடுக்கும் மீனோடு தனக்கும் ஒரு நண்டு கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டது.

அந்தப் பாறைக்கு நேர் கீழே ஓர் இலுப்பை மரம். மரத்தடியில் ஒரு கரடி. காட்டில் யாருக்கு என்ன வழக்கு என்றாலும் கரடிதான் தீர்ப்புச் சொல்லும். ஆனால் இலுப்பைப் பூ உதிரத் தொடங்கினால் கரடி வயிறு முட்ட அதைத் தின்றுவிட்டு மழை பிடிக்கும்வரை தூங்கும். அந்த நேரத்தில் அதை எழுப்ப யாருக்கும் தைரியம் இல்லை. எழுப்பியவர்மேல்தான் முதல் தீர்ப்பு விழும்.

நரி மேலாளர் ஆனது இலுப்பைப் பூ உதிர்ந்த காலத்தில்தான். நரிக்கு எதை எப்போது செய்யவேண்டும் என்று தெரியும்.

இப்படி இருக்கும்போது ஒரு முள்ளெலி பயணத்துக்கு இடம் கேட்டு வந்தது. அதன் ஒரே மகளை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம். நடந்து வர முடியாத உடம்பு. "அம்மா, நீ பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமில்லை. மழைக்கு முன்னால் வந்துவிடு" என்று கூழைக்கடாவிடம் சொல்லி அனுப்பியிருந்தது.

முள்ளெலி மீனையும் நண்டையும் கொடுத்து ஓர் இறகு வாங்கிக்கொண்டது. அதை முதுகு முள்ளில் பத்திரமாகச் செருகிக்கொண்டது.

அதற்குப் பின்னால் ஒரு மரவட்டை நின்றது. அதற்கும் அந்தப் பக்கம் போகவேண்டும். நரி அதை மேலும் கீழும் பார்த்தது. இத்தனை கால்களை வைத்துக்கொண்டு ஒரே இடம் கேட்பது நியாயமா என்று கேட்டது. நியாயமா இல்லையா என்று மரவட்டைக்குத் தெரியவில்லை. அதனால் நடந்தே போய்விடலாம் என்று பாதைப் பக்கம் திரும்பியது.

முள்ளெலிக்கு மனம் கேட்கவில்லை. "இந்த வெயிலிலா? நீ போய்ச் சேருவதற்குள் மழைக்காலமே வந்துவிடுமே" என்றது.

"வரட்டும். நான் வரும்போது நீங்கள் பேரப்பிள்ளைகளோடு இருப்பீர்கள். எனக்குக் குடிக்க ஒரு வாய் தண்ணீர் கொடுங்கள், முள்ளெலியம்மா" என்று சொல்லிவிட்டு மரவட்டை நடக்கத் தொடங்கியது.

பயண நாள் வந்தது. ஏழு இறகு கொடுத்திருந்தார்கள். ஏழு பேரும் வந்துவிட்டார்கள். முயல்கூட இந்த முறை மறக்கவில்லை.

நரி கலங்கவில்லை. பாறைமேல் ஏறித் தொண்டையைச் செருமிக்கொண்டது. இருவர் அடுத்த பயணத்தில் வரவேண்டியிருப்பதாகவும், தாமாக முன்வந்து நிற்பவருக்குத் தேனில் ஊறிய நாவற்பழமும் இன்னோர் இறகும் இழப்பீடாகத் தரப்படும் என்றும் அறிவித்தது.

"நான் நிற்கிறேன்" என்றது அணில், நரி வாய் மூடுவதற்குள்.

உண்மையைச் சொன்னால் அணிலுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வேலையும் இல்லை. இந்தப் பக்கத்திலும் இல்லை. இப்படி ஏதாவது கிடைக்கும் என்று காதில் விழுந்ததால்தான் அது இறகு வாங்கியது. பழத்தை வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பிறகு அது எல்லாப் பயணத்துக்கும் இறகு வாங்கியது. ஒரு பயணமும் போகவில்லை.

இன்னும் ஒருவர் நிற்கவேண்டும். யாரை நிறுத்துவது?

நரி தவளையைப் பார்த்தது. தவளை உடனே கத்தத் தொடங்கியது. காடே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியது. கீழே கரடி புரண்டு படுத்ததும் நரி அவசரமாக, "நீங்கள் உட்காருங்கள்" என்றது. கீரியைப் பார்த்தது. கீரி பல்லைக் காட்டியது. உடும்பு பறவையின் முதுகைப் பிடித்த பிடி உங்களுக்கே தெரியும், அதை யாராலும் கழற்ற முடியாது. சுண்டெலி இறகுகளுக்குள் புகுந்துவிட்டது, எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முயல் நரியின் காதில் ஏதோ சொன்னது. என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. நரி சிரித்துக்கொண்டே அதற்கு முன் இடம் கொடுத்தது.

மீதி முள்ளெலி.

முள்ளெலிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது குரலை உயர்த்தினால் போதும், சட்டென்று பந்து போலச் சுருண்டுகொள்ளும். அதன் அம்மாவும் அப்படித்தான், பாட்டியும் அப்படித்தான்.

"முள்ளெலி இந்தப் பயணத்தில் நிற்கலாம் என்று நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லலாம்" என்று நரி உரக்கக் கேட்டது.

முள்ளெலி சுருண்டுகொண்டது.

நரி ஒரு மூச்சு விடும் நேரம் காத்திருந்தது. "மறுப்பு இல்லை. முள்ளெலி மனமுவந்து இடம் விட்டுக்கொடுத்திருக்கிறது. எல்லோரும் நன்றி சொல்லுங்கள்" என்றது. எல்லோரும் நன்றி சொன்னார்கள். உடும்புகூடச் சொன்னது, பிடியை விடாமல்.

முள்ளெலி மெல்ல விரிந்து தலையை நீட்டியபோது கூழைக்கடா மலையுச்சியில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

அதற்கு அழுகை வந்துவிட்டது. நரி பக்கத்தில் வந்து, இப்போது மிக மெதுவான குரலில், தன் வருத்தத்தைத் தெரிவித்தது. வெயில் படாத இடத்தில் உட்காரவைத்தது. பிறகு, "உனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு இழப்பீடாக இன்னோர் இறகு. அடுத்த பயணத்தில் முதல் இடம் உனக்குத்தான்" என்று அதன் முதுகில் செருகிவிட்டது.

ஓர் இறகோடு வந்த முள்ளெலி இரண்டு இறகோடு வளைக்குத் திரும்பியது. போகும் வழியில் அதற்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. முதல் இடம் என்றால் சும்மாவா?

அடுத்த பயண நாளில் முள்ளெலி எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது. அன்று இடம் கேட்டு வந்தவர்கள் இன்னும் அதிகம். நரி பெயர்களைக் கூப்பிட்டது. முதல் பெயர் முள்ளெலியுடையது அல்ல. இரண்டாவதும் அல்ல.

"எனக்கு முதல் இடம் என்றீர்களே" என்று முள்ளெலி தயங்கித் தயங்கிக் கேட்டது.

"சொன்னேன். மாறவில்லை. ஆனால் உனக்கு முன்னாலேயே முதல் இடம் வாங்கியவர்கள் ஐந்து பேர் வந்திருக்கிறார்கள்."

"முதல் இடம் எத்தனை இருக்கிறது?"

"முதல் இடம் என்பது எண்ணிக்கை இல்லை, அம்மா. அது ஒரு மரியாதை" என்றது நரி. அதன்பின் குரலை உயர்த்தி, மறுப்பு யாருக்காவது உண்டா என்று கேட்டது.

முள்ளெலி சுருண்டுகொண்டது.

இந்த முறை இழப்பீடு இரண்டு இறகு. அதற்கு அடுத்த முறை இன்னும் இரண்டு. நிறுத்தப்படுகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். ஒவ்வொருவருக்கும் இறகு கொடுக்கவேண்டும். உதிர்ந்த இறகுகள் தீர்ந்துவிட்டன. நரி கூழைக்கடாவிடம் போய், சிறகுக்கு அடியில் ஒன்றிரண்டைப் பிடுங்கிக்கொள்ளலாமா, சீக்கிரமே முளைத்துவிடும் என்று சொன்னது.

"சரி" என்றது கூழைக்கடா. அப்போது அதன் கண்ணில் நீர் வந்தது. அது வலியால் வந்த நீர். நரி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு கூழைக்கடா தாழ்வாகப் பறக்கத் தொடங்கியது. மரக்கிளைகள் பயணிகளின் காலில் உரசின. கீரி வந்து முறையிட்டது. தாழப் பறந்தால்தான் காடு நன்றாகத் தெரியும், இதற்கென்று தனியாக எதுவும் கேட்காததற்கு நன்றி சொல்லவேண்டும் என்று நரி பதில் சொன்னது. கீரிக்கும் அது சரி என்றே பட்டது.

மலைக்கு அந்தப் பக்கத்திலும் இதே கதைதான் என்று கூழைக்கடா வந்து சொன்னது. அங்கே ஒரு முள்ளம்பன்றி இந்தப் பக்கம் வரவேண்டும் என்று காத்திருக்கிறதாம். அதன் பக்கத்தில் உட்கார யாருக்கும் மனமில்லாததால் ஒவ்வொரு முறையும் அதையே நிறுத்திவிடுகிறார்களாம். அதற்கு என்ன சொல்வது என்று கேட்டது.

"வேறென்ன? இரண்டு இறகு கொடுத்து, அடுத்த பயணத்தில் முதல் இடம் என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடு" என்றது நரி.

அதே பயணத்தில் முள்ளெலிக்கும் ஒரு செய்தி வந்திருந்தது. "அம்மா, வயிறு இறங்கிவிட்டது. பக்கத்து வளைக்காரர்கள் இன்னும் சில நாள்தான் என்கிறார்கள். எப்போது வருகிறாய்?"

அன்று முள்ளெலி சாப்பிடவில்லை. தன்மேல் தனக்கே கோபம் வந்தது. முதல் நாளே அந்த மரவட்டையோடு நடந்திருந்தால் இந்நேரம் மலையுச்சியைத் தாண்டியிருக்கும். ஆனால் இத்தனை இறகு வைத்திருக்கிறோமே, இதை எல்லாம் விட்டுவிட்டா நடப்பது? இன்னும் ஒரு முறை பார்ப்போம் என்று தோன்றியது. இறகு கூடக் கூட அதை விட்டுப் போக மனம் வரவில்லை. இழப்பீடு எதற்குக் கொடுக்கிறார்கள் என்று இப்போது புரிகிறதா, பிள்ளைகளே?

வானத்தில் கறுப்பு மேகம் கட்டத் தொடங்கியது. மழைக்கு முன்னால் இது கடைசிப் பயணம் என்று நரி அறிவித்தது. காட்டில் யார் யாரிடம் இறகு இருந்ததோ அத்தனை பேரும் பாறைமேல் கூடிவிட்டார்கள். நிற்க இடமில்லை. அணில்கூட ஒரு கட்டு இறகோடு வந்து, நிற்பவர்களின் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டது.

முள்ளெலியின் முதுகில் ஒரு முள்கூட வெளியே தெரியவில்லை. அத்தனையிலும் இறகு. அன்றுதான் முதல் முறையாகப் பயணம் போக வந்திருந்த ஒரு குட்டித் தவளை அதன் அருகில் வந்து, "நீங்கள்தானே அந்தப் பறவை? எத்தனை மணிக்குப் புறப்படுவீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டது.

முள்ளெலி இந்த முறை ஒரு யோசனையோடு வந்திருந்தது. வரும் வழியில் குட்டையோரம் நின்று, இரண்டு காதிலும் களிமண்ணைக் குழைத்து அடைத்துக்கொண்டது. நரி பாறைமேல் ஏறி வாயைத் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. அது எவ்வளவு கத்தியும் முள்ளெலிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் சுருளவில்லை. சுருளாததால் நேராக நடந்து போய், ஓர் இறகைப் பறவையிடம் நீட்டிவிட்டு, அதன் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கடைசியில் இடம் கிடைத்துவிட்டது. முள்ளெலிக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. நாலு முறை சிறகடித்தால் மகளிடம் போய்விடலாம்.

அப்போதுதான் அது கீழே குனிந்து பறவையைப் பார்த்தது. முதுகில் இறகு இல்லை. சிறகில் இறகு இல்லை. வாலில் ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் ஆடிக்கொண்டிருந்தது. வெளுத்த தோலில், இறகு பிடுங்கிய இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"புறப்படு" என்றது நரி.

"சரி" என்றது கூழைக்கடா.

பாறை விளிம்புவரை ஓடியது. எம்பிக் குதித்தது. வெறும் சிறகை அடித்தது. அடுத்த நொடி பறவையும் அதன்மேல் இருந்த ஐந்து பேரும் கீழே இலுப்பை மரத்தடியில் விழுந்தார்கள். விழுந்தது கரடியின் வயிற்றில். அதனால் யாருக்கும் அடிபடவில்லை, கரடியின் தூக்கத்தைத் தவிர.

கரடி எழுந்து உட்கார்ந்தது. தவளை வாயையே திறக்கவில்லை.

"என்மேல் விழுந்தது யார்?" என்று கரடி கேட்டது.

எல்லோரும் நரியைப் பார்த்தார்கள். நரி சமாளித்துக்கொண்டு முன்னால் வந்தது. சின்னத் தடங்கல்தான், கவலைப்பட ஒன்றும் இல்லை, மழை முடிந்ததும் பயணம் மறுபடி தொடங்கும், அதுவரை காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இழப்பீடாக மூன்று இறகு தரப்படும் என்றது.

மூன்று என்றதும் பலர் முகம் மலர்ந்தது. அணில் வரிசையைச் சரிசெய்யத் தொடங்கியது.

விழுந்த வேகத்தில் காதிலிருந்த களிமண் உதிர்ந்திருந்ததால், நரி சொன்னது முள்ளெலிக்கும் கேட்டது. ஆனால் அது சுருளவில்லை.

"மூன்று இறகா? எங்கேயிருந்து பிடுங்குவீர்கள், நரியாரே?" என்று கேட்டது.

அப்போதுதான் எல்லோரும் கூழைக்கடாவைப் பார்த்தார்கள். பிறகு தங்கள் கையில் இருந்த இறகுகளைப் பார்த்தார்கள். சுண்டெலி தன் இறகை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது.

கரடி நடந்ததை எல்லாம் விசாரித்தது. சுருக்கமாகத்தான் விசாரித்தது, அதற்கு இன்னும் தூக்கம் மிச்சம் இருந்தது. பின் முள்ளெலியைப் பார்த்து, "உனக்கு என்ன இழப்பீடு வேண்டும்?" என்று கேட்டது.

"இழப்பீடு வேண்டாம், ஐயா. நான் அந்தப் பக்கம் போகவேண்டும். இன்றைக்கே போகவேண்டும். நரியாருக்கு நீளமான கால் இருக்கிறது. முதுகிலும் இடம் இருக்கிறது" என்றது முள்ளெலி.

நரி பதறிப்போனது. "என் முதுகில் ஓர் இடம்தானே இருக்கிறது" என்றது.

"எனக்கு எப்போதும் ஒன்றுதான் வேண்டியிருந்தது" என்றது முள்ளெலி.

கரடி தலையை ஆட்டியது. "அடுத்த பயணத்தில் முதல் இடம் என்று நீதானே சொன்னாய்? அடுத்த பயணம் இதுதான். பயணம் போவது நீ. பறவைக்கு இறகு முளைக்கும்வரை, இறகு கொண்டுவரும் எல்லோரையும் முதுகில் சுமந்து கொண்டுபோய் விடு. இரு பக்கத்துப் பயணிகளுக்கும் இது பொருந்தும்" என்று தீர்ப்புச் சொன்னது. கூழைக்கடாவுக்கு எல்லோரும் முறை வைத்து மீன் கொண்டுவந்து போடவேண்டும் என்றது. கூழைக்கடாவிடம், இனிமேலாவது முடியாததை முடியாது என்று சொல்லப் பழகு என்றது.

"சரி" என்றது கூழைக்கடா.

கரடி பெருமூச்சு விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டது.

முள்ளெலி நரியின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. நரி நடக்கத் தொடங்கியது. முட்பாதையின் முதல் வளைவிலேயே ஒரு கல்லில் கால் இடறி, "என்ன பாதை இது" என்று நரி கத்தியது.

குரல் உயர்ந்ததும் முள்ளெலி சுருண்டுகொண்டது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? இறகுகளுக்கு அடியில் இருந்த முட்கள் அத்தனையும் நரியின் முதுகில் இறங்கின. நரி இன்னும் உரக்கக் கத்தியது. முள்ளெலி இன்னும் இறுக்கமாகச் சுருண்டது.

இரண்டாவது வளைவுக்குள் நரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன்பின் மலை ஏறி இறங்கும்வரை அது வாழ்க்கையில் பேசாத அளவுக்கு மெதுவாகப் பேசியது. "முள்ளெலியம்மா, இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, தாண்டப்போகிறேன். கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் கேட்டுக் கேட்டுத் தாண்டியது. இவ்வளவு மரியாதையை முள்ளெலி அதுவரை கண்டதில்லை.

மழை தொடங்கிய பிறகுதான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

மகளின் வளை வாசலில் மரவட்டை படுத்திருந்தது. தன் உடம்பால் மண்ணைத் தள்ளி, வாசலில் தண்ணீர் உள்ளே போகாதபடி ஒரு சின்ன வரப்புக் கட்டிவிட்டு, அதன்மேல் ஓய்வாகப் படுத்திருந்தது.

"வாருங்கள், முள்ளெலியம்மா. நான் அப்போதே வந்துவிட்டேன்" என்றது.

உள்ளே மகள் படுத்திருந்தது. பக்கத்தில் மூன்று குட்டிகள். அப்போதுதான் பிறந்த குட்டிகளுக்குக் கண் மூடியிருக்கும். இவற்றுக்குக் கண் திறந்திருந்தது.

"எங்கே இருந்தாய், அம்மா? உன்னைத்தான் கூப்பிட்டேன்" என்றது மகள்.

முள்ளெலி தன் முதுகில் இருந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குட்டிகளுக்கு அடியில் விரித்தது. கடைசி இறகையும் விரித்துவிட்டு நிமிர்ந்தது.

"முதல் இடத்தில் இருந்தேன், மகளே" என்றது.

பிறகு மரவட்டைக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனது.

வெளியே நரி முதுகைத் தடவிக்கொண்டு, ஒருவர் கண்ணிலும் படாமல் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று மெல்ல நழுவியது. பாதை தொடங்கும் இடத்தில் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒருவர் வந்து குறுக்கே நின்றார். கையில் ஒரு கொத்து இறகு. உடம்பு முழுக்க, ஒரு முழ நீளத்தில் முள்.

"வணக்கம், நரியாரே. உங்கள் முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்" என்றது முள்ளம்பன்றி. "அடுத்த பயணத்தில் முதல் இடம் எனக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள்."

நீதி: இல்லாத இடத்தை இரண்டு மடங்காகத் தந்தாலும், பறித்த இடத்துக்கு அது ஈடாகாது.